கருவைச் சோதித்து எதை விலக்கப் போகிறோம்?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊர். கேட்டவரின் அண்ணனும் அண்ணியும் சொந்தத்தில் கட்டியவர்கள். அத்தை மகன், மாமன் மகள். முதல் குழந்தை பிறந்தபோது ஆணா பெண்ணா என்று சொல்லப் பிரசவ அறையில் தயங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் வாந்தி, பால் குடிக்கவில்லை, உடம்பு துவண்டுவிட்டது. சி.ஏ.எச்., அதாவது பிறவியிலேயே வரும் அட்ரீனல் சுரப்பிக் கோளாறு என்று கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். இப்போது பாப்பாவுக்கு 4 வயது, மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். அடுத்த குழந்தையைச் சோதனைக்குழாய் முறையில் உருவாக்கி, கருவிலேயே பார்த்து, 'இப்படி இல்லாத' கருவை மட்டும் வைக்கலாம் என்று ஒரு மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா, அது சரியா? கூடவே இன்னொன்று: கேட்டவரின் மனைவி வழியில் சித்தி மகள் ஒருத்தி 17 வயதாகியும் பெரியவளாகவில்லை, குரோமோசோம் எக்ஸ்-ஒய் என்று வந்திருக்கிறது. தங்களுக்கும் இந்தச் சோதனை வேண்டுமா?

இரண்டு குழந்தைகளையும் ஊடுபால், அதாவது இன்டர்செக்ஸ் என்ற ஒரே சொல்லில் அடக்குகிறார்கள். ஆனால் முதலாவதில் உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு நோயும் கூடவே வருகிறது. இரண்டாவதில் அது இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பதில் தப்பாகிவிடும் என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தது போல உட்கார்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. அதில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேலை செய்தால்தான் கார்ட்டிசோல், ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன்கள் உண்டாகும். நொதிக்கான மரபணு சி.ஒய்.பி.21ஏ2, 6-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் நொதி இல்லை. ஆல்டோஸ்டீரோன் இல்லாத உடம்பு உப்பைப் பிடித்து வைக்காது, சிறுநீரிலேயே விட்டுவிடும். சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும், பெரும்பாலும் பிறந்த இரண்டாவது வாரத்தில் குழந்தை சுருண்டுவிடும். கார்ட்டிசோலாக மாற முடியாமல் தேங்கிய மூலப்பொருள் ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடுகிறது. கருவில் இருப்பது பெண் குழந்தையானால் அதனால் கிளிட்டோரிஸ் பெரிதாகும், கீழே உதடுகள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கர்ப்பப்பையும் சினைப்பையும் இயல்பாகவே இருக்கும். மருந்தை ஒழுங்காக எடுக்கும் பெண் வளர்ந்து பிள்ளையும் பெறலாம்.

இதே நோய் ஆண் குழந்தைக்கு வந்தால் பிறக்கும்போது வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. 'பையன்' என்று துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவனுக்கும் அதே உப்பு இழப்பு, அதே இரண்டாவது வாரம். பார்த்தால் சந்தேகம் வராததால், காரணம் தெரியாமலே இறந்துபோகிற ஆபத்து அவனுக்குத்தான் அதிகம். வாந்தியோடு வரும் ஒரு பெண் குழந்தையைப் பார்த்து மருத்துவர் உடனே சி.ஏ.எச். என்று நினைக்கிறார் என்றால், பெரும்பாலும் அவள் உடம்பில் இருக்கும் அந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்திருக்கும். வீட்டில் எதை நினைத்து அழுகிறார்களோ, அதுவே குழந்தையைக் காப்பாற்றும் அடையாளமும் ஆகிறது.

ஆகவே அண்ணனும் அண்ணியும் தனியாக உட்கார்ந்து ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நோயுள்ள கரு ஆண் என்று தெரிந்தால் வைத்துக்கொள்வோமா? 'பையன் என்றால் மாத்திரை கொடுத்து வளர்த்துக்கொள்ளலாம்' என்று மனம் சொன்னால், அவர்கள் விலக்க நினைப்பது நோயை அல்ல. பெண் பிள்ளையின் உடம்பை நினைத்து வரும் வெட்கத்தை. 'ஆணோ பெண்ணோ, அந்தப் பன்னிரண்டாம் நாளை இன்னொரு முறை தாங்க முடியாது' என்றால் அது நேர்மையான காரணம். என் கருத்தில், உயிருக்கு ஆபத்தான உப்பு இழப்பைத் தவிர்க்கக் கருவைச் சோதிப்பது தப்பில்லை; ஆனால் கட்டாயமும் இல்லை. உடம்பின் தோற்றத்தை மட்டும் தவிர்க்கச் சோதிப்பது சரியில்லை. அந்த வலி ஊர் பேச்சிலிருந்து வருகிறது. அதற்குக் கருவைத் தண்டிக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மரபணு அறிக்கை உப்பு இழப்பு கடுமையாக வருமா என்பதை ஓரளவு நன்றாகச் சொல்லும். பிறப்புறுப்பு எந்த அளவு மாறியிருக்கும் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. இதே மரபணுவில் லேசான பழுதுகளும் உண்டு. அவற்றால் வருவது பருவ வயதில் முகப்பருவும் முடி வளர்ச்சியும் மாதவிடாய்க் கோளாறும்தான். உங்கள் பாப்பாவுக்கு இருப்பது கடும் வகை. லேசான வகை உள்ள குடும்பத்துக்கு யாராவது இந்தச் சோதனையை எழுதிக்கொடுத்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம்.

மையத்தில் அநேகமாகச் சொல்லாமல் விட்டிருக்கும் வழி ஒன்று உண்டு. இயல்பாகக் கருத்தரிப்பது, பிறந்தவுடன் தயாராக இருப்பது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வராமல் இருக்க நாலில் மூன்று. முதல் குழந்தைக்கு அவ்வளவு ஆபத்து வந்தது யாருக்கும் முன்கூட்டித் தெரியாததால். இரண்டாவதற்கு அப்படியில்லை. பிரசவத்தை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போலக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதத்திலேயே, 'முதல் குழந்தைக்கு சி.ஏ.எச்.' என்று தாய்-சேய் அட்டையின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் 17-ஓ.எச்.பி., அதாவது தேங்கும் அந்த மூலப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் எல்லாக் குழந்தைக்கும் அளவு ஏறித்தான் இருக்கும், குழப்பம் வரும். முடிவு வரும்வரை சோடியம், பொட்டாசியம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நோய் இருந்தால் முதல் வாரத்திலேயே மருந்து தொடங்கும். அந்தப் பன்னிரண்டாம் நாள் பெரும்பாலும் வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) ஐந்து பெருநகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு இப்படிப் பார்த்தபோது 5,762-க்கு ஒரு குழந்தைக்கு இது இருந்தது. சென்னையில் விகிதம் இன்னும் கூடுதல். எல்லாக் குழந்தைக்கும் இந்த ஒரு சொட்டு இரத்தச் சோதனை வந்துவிட்டால், கருச் சோதனை பற்றிய கேள்வியின் கனமே பாதி குறைந்துவிடும்.

வீட்டில் கொடுக்கும் மருந்தில் தவறு நடக்கும் இடங்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், இரண்டாவது குழந்தையை வளர்க்க முடியுமா என்ற பயம் இங்கேதான் இருக்கிறது. கார்ட்டிசோலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மி.கி.; மூன்று வேளையாகப் பிரிப்பது. பச்சிளங்குழந்தையின் உடல் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர்தான், ஆகவே ஒரு வேளைக்கு 1 மி.கி.க்குப் பக்கம் வரும். தொடக்கத்தில் மருத்துவர் கூடுதலாகக் கொடுப்பதும் உண்டு. 5 மி.கி. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கினால் பொடி கரையாமல் அடியில் தங்கும். கலக்காமல் சிரிஞ்சில் இழுத்தால் காலை வேளைக்கு மருந்தே இருக்காது, கடைசி வேளைக்கு இரண்டு மடங்கு போய்விடும். மருந்தகத்தில் சம அளவுப் பொட்டலமாகக் கட்டி வாங்குவது இதைவிட நல்லது. இதோடு ஆல்டோஸ்டீரோனுக்கு ஈடாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், முதல் வருடம் ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் உப்பு. வாலிநோக்கத்து உப்பளத்துக் கல்லுப்பை ஸ்பூனில் அளக்காதீர்கள். கல்லின் பருமனுக்கேற்ப எடை மாறும். தூள் உப்பு, மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூனுக்கு 5 முதல் 6 கிராம் இருக்கும். கால் ஸ்பூனைப் பல வேளைப் பாலுக்குப் பிரித்துக் கொடுப்பதே ஒரு நாள் அளவை எட்டிவிடும். சித்திரை வெயிலில் வியர்வையில் போகும் உப்புக்குக் கூடுதல் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரண்டு மடங்கு, 39-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி; 3 வயதுக்குக் கீழே 25 மி.கி., 3 முதல் 12 வரை 50, அதற்கு மேல் 100. உங்கள் பாப்பாவுக்கு இப்போது 50. அந்த மருந்துக் குப்பி ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும், போடத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். ராமநாதபுரம் போய்ச் சேரும் நேரத்துக்குள் நிலைமை முற்றிவிடக்கூடும்.

இனி கருச் சோதனை. பி.ஜி.டி-எம் என்பார்கள். முதல் வேலை ஊசி இல்லை, அறிக்கை. பாப்பாவின் இரண்டு பிரதியிலும் என்ன பழுது, எது அப்பாவிடமிருந்து, எது அம்மாவிடமிருந்து என்று உறுதியாகத் தெரிய வேண்டும். சி.ஒய்.பி.21ஏ2-வுக்குப் பக்கத்திலேயே அதன் நகல் போல வேலை செய்யாத ஒரு போலி மரபணு இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே போல இருப்பதால் சாதாரண மரபணுச் சோதனை போலியைப் படித்துவிட்டு அசலைப் படித்ததாகச் சொல்லிவிடும். பெரிய துண்டே காணாமல் போயிருந்தாலும் தெரியாது. ஆகவே காணாமல் போன துண்டைக் காட்டும் 'எம்.எல்.பி.ஏ. செய்தீர்களா', அசலைத் தனியே பிரித்துப் படிக்க உதவும் 'லாங்-ரேஞ்ச் பி.சி.ஆர். செய்தீர்களா' என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது அப்பா, அம்மா, பாப்பா மூவரின் இரத்தம், ஊதா மூடிக் குழாயில் சில மி.லி. இதை வைத்து அந்த மரபணுவைச் சுற்றியுள்ள அடையாளங்களைக் கோத்து, பழுதான பிரதி எந்த வரிசையோடு பயணிக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அந்தத் துண்டு வந்திருக்கலாம். அப்போது இருவரின் வரிசையும் ஒன்றாகவே இருந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகலாம். கூடுதல் அடையாளங்கள் தேவைப்படும், சில வாரங்கள் கூடுதலாகும். இதைத் தொடங்கும் முன்பே ஆய்வகம் சொல்லிவிட வேண்டும். முட்டை எடுத்த பிறகு சொன்னால் அது ஏமாற்று.

பிறகுதான் அண்ணிக்கு ஊசி, 10 முதல் 12 நாள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். மண்டபத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 150 கி.மீ.; போய்வந்துகொண்டே செய்தால் உடம்பு தாங்காது, மதுரையில் தங்குவதுதான் வழி. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கரண்ட் போனால் மீன் பெட்டி ஐஸுக்குள் நேராகச் செருகுவார்கள். அப்படிச் செய்தால் உறைந்து கெட்டுவிடும். துணியில் சுற்றி ஐஸுக்கு மேலே வைக்க வேண்டும். இந்த நாட்களில் சினைப்பை வீங்கி கனத்திருக்கும், முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அண்ணி பாசி எடுக்கக் கடலில் இறங்குபவர் என்றால் முட்டை எடுத்து இரண்டு வாரம்வரை இறங்கவே கூடாது. முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, ஒரு நாளில் ஒரு கிலோ எடை ஏறி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணிக்கை எப்படிச் சுருங்கும் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 10 முட்டை எடுத்தால் 8 முதிர்ந்திருக்கும், 6 கருவாகும், ஐந்தாம் ஆறாம் நாள்வரை தாக்குப்பிடிப்பது 2 அல்லது 3. அவற்றின் வெளி உறையிலிருந்து 5 முதல் 10 செல்லைக் கிள்ளி எடுத்து, கருவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துவிட்டுச் செல்லைச் சோதிக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றாவது நோயுள்ளதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மீதியை வைத்தால் ஒட்டுவதும் உறுதியில்லை. சில செல்லிலிருந்து கிடைக்கும் மரபணுப் பொருள் மிகச் சிறிது என்பதால் இரண்டு பிரதியில் ஒன்று பெருகாமல் விடுபட்டுத் தவறான முடிவு வருவதும் உண்டு. அதனால்தான் கர்ப்பமான பிறகும் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரோ எடுத்து உறுதி செய்யச் சொல்வார்கள். ஒரு பிரதி மட்டும் பழுதான கருவை 'கேரியர்' என்று ஒதுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது அண்ணனைப் போல, அண்ணியைப் போல முழு ஆரோக்கியமான பிள்ளை.

செலவு லட்சங்களில் போகும். விசைப்படகுக் குடும்பம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அண்ணன் வீட்டில் இருப்பார், கூட மதுரையில் தங்க முடியும். ஆனால் அப்போதுதான் கையில் காசும் இருக்காது. வட்டிக்கு வாங்கிச் செய்ய வேண்டிய சிகிச்சை இது இல்லை, ஏனென்றால் கடனில்லாத வழி ஒன்று மேலே இருக்கிறது.

'வயிற்றில் இருக்கும்போதே டெக்சாமெத்தசோன் கொடுத்தால் பெண் குழந்தையின் உறுப்பு மாறாது' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒன்பதாவது வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய மருந்து அது; அப்போது குழந்தை பெண்ணா, நோய் உண்டா என்றே தெரியாது. பயன்படக்கூடிய ஒரு சிசுவுக்காக ஏழு சிசுக்களுக்கு வீணாக ஸ்டீராய்டு போகும். உப்பு இழப்பையும் அது தீர்க்காது. ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பதே நாளமில்லாச் சுரப்பி வல்லுநர்களின் நிலை.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் மரபணு வளர்சிதை நோய், குரோமோசோம் கோளாறு, பாலின இணைப்பு நோய் ஆகியவற்றைக் கண்டறியச் சோதனையை அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்வதை எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் கருச் சோதனையைப் பரம்பரை நோய்க்கு மட்டும் என்று வரையறுக்கிறது. சி.ஏ.எச். மரபணு 6-ஆவது குரோமோசோமில் இருப்பதால் எக்ஸ், ஒய் பக்கமே பார்க்காமல் சோதனையை முடிக்கலாம். அறிக்கையில் 'வைக்கலாம்', 'வேண்டாம்' என்று மட்டும் இருந்தால் போதும். 'பெண் கரு என்றால் மட்டும் நீக்கிவிடலாம்' என்று ஒரு மையம் ஜாடையாகச் சொன்னாலும் அது குற்றம். அப்படிச் செய்யச் சொல்லி மையத்திடம் கேட்பவருக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

இரண்டாவது கேள்வி, மனைவியின் சித்தி மகள். 17 வயது, மார்பு வளர்ச்சி உண்டு, மாதவிடாய் இல்லை, எக்ஸ்-ஒய் என்றால் பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை, ஏ.ஐ.எஸ். உடம்பில் ஆண்ட்ரோஜன் சுரக்கிறது, ஆனால் செல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே வெளித்தோற்றம் முழுக்கப் பெண். உள்ளே கர்ப்பப்பை இல்லை, விரைகள் உண்டு. இதற்குக் காரணமான ஏ.ஆர். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பழுது தாய் வழியாக வரும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேருக்குப் புதிதாகவே உண்டாகியிருக்கும். முதலில் அந்தப் பெண்ணுக்கு மரபணு அறிக்கை. அதே பழுது சித்திக்கு உண்டா, பிறகு உங்கள் மனைவிக்கு உண்டா என்று ஒரு இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். சித்திக்கே இல்லையென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

மனைவிக்கு இருந்தாலும் கருச் சோதனை வேண்டாம் என்பதே என் பதில். இதில் உப்பு இழப்பு இல்லை, இரண்டாவது வாரம் இல்லை, ஆயுள் குறைவதில்லை. பிள்ளை பெற முடியாது என்பது பெரிய துயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பெற முடியாதவள் பிறக்கவே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. சோதனை செய்தால் இன்னொரு வழுக்கலும் இருக்கிறது: 'கேரியர்' பெண் கருக்களையும் சேர்த்து ஒதுக்கச் சொல்வார்கள். அதாவது உங்கள் மனைவியைப் போன்ற ஒரு பெண்ணையே.

இப்படிப்பட்ட உடம்பை எது காயப்படுத்துகிறது என்று நம் பக்கத்து மாவட்டத்திலேயே பார்த்தோம். புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடும்வரை அந்த உடம்பால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஊர் அறிய அதை விவாதித்ததுதான் அவரை வீழ்த்தியது.

குழந்தை வேண்டி வேறு காரணத்துக்காகச் செயற்கைக் கருத்தரிப்புக்குப் போகும் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். பி.ஜி.டி-ஏ என்ற பொதுவான குரோமோசோம் சோதனையில் எக்ஸ்-எக்ஸ்-ஒய், ஒற்றை எக்ஸ் போன்றவையும் தென்படும். பல இடங்களில் கேட்காமலேயே 'அசாதாரணம்' என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். எக்ஸ்-எக்ஸ்-ஒய் உள்ள ஆண்கள் பலர் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் எந்த முடிவுக்கு எந்தக் கரு ஒதுக்கப்படும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இப்போதிருக்கும் பாப்பாவுக்கு வருகிறேன். 'வெளியே தெரியாமல் இப்போதே வெட்டிச் சரிசெய்துவிடலாம்' என்று சொந்தத்தில் நெருக்குவார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தந்த தீர்ப்பும், அதைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13-இல் வந்த சுகாதாரத் துறையின் 355-ஆம் அரசாணையும் உயிருக்கு ஆபத்து இருந்தாலொழியக் குழந்தைகளுக்குப் பாலின மாற்ற அறுவை சிகிச்சை கூடாது என்கின்றன. சிறுநீர் அடைப்பு, திரும்பத் திரும்பத் தொற்று என்றால் அதற்கான சிகிச்சை வேறு. தோற்றத்துக்கான முடிவை அவளே வளர்ந்து எடுக்கட்டும். கருச் சோதனைக்குப் போவதென்று அண்ணனும் அண்ணியும் முடிவெடுத்தாலும், அவள் காதுபட 'இவளை மாதிரி இன்னொன்று வேண்டாம்' என்று வீட்டில் யாரும் பேச அனுமதிக்காதீர்கள். 'உனக்கு வந்த வாந்தி நோய் தம்பிக்கோ தங்கைக்கோ வராமல் பார்க்கிறோம்' என்பது உண்மை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். சித்தி மகளுக்கும் அவள் அறிக்கையை மறைக்காமல், நல்ல நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முன்னால் முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். விரைகளை உடனே எடுத்தாக வேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை; எடுத்தால் எலும்பு வலுவுக்காக ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவு அவள் 18 முடிந்து தானே கையெழுத்துப் போடும்வரை காத்திருக்கலாம்.